மென்பொருள் சந்தா விதிகள் மாறும்போது ஒரு சிறு நிறுவனம் எப்படித் தயாராவது?

வணக்கம். உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். கோவையில் பம்ப் உதிரி பாகங்கள் தயாரிக்கும் நிறுவனம் உங்களுடையது. மெயில், எக்செல், வேர்ட் எல்லாம் அடங்கிய மைக்ரோசாஃப்ட் 365 சந்தாவில் ஆளுக்கு ஒன்றாக 45 லைசென்ஸ் இருக்கிறது. இதுவரை மாதாமாதம் பில் கட்டிவந்தீர்கள். இப்போது விற்பனையாளர் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்: அடுத்த புதுப்பிப்பிலிருந்து ஆண்டு ஒப்பந்தம், மாதத் தவணையாகக் கட்டினால் 5 சதவீதம் கூடுதல், நடுவில் எண்ணிக்கையைக் குறைக்க முடியாது, 2026 ஜூலை முதல் விலையும் உயரும். "இவர் சொல்வதெல்லாம் உண்மையா, ஏமாற்றுகிறாரா, நாங்கள் என்ன செய்ய வேண்டும்" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையா என்பதற்குச் சில வரிகளில் பதில் சொல்லிவிடலாம். என்ன செய்ய வேண்டும் என்பதுதான் பெரிய கேள்வி. சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு மென்பொருள் ஒப்பந்தங்களைப் படித்துக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது பல ஆண்டுகளாக என் வேலை என்பதால் அதற்குத்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

விற்பனையாளர் சொன்ன நான்கில் ஆண்டு ஒப்பந்தம் மட்டும் கட்டாயமல்ல, மாத ஒப்பந்தமும் உண்டு; மற்ற மூன்றும் மைக்ரோசாஃப்ட்டின் விதிகளே. அவர் சேர்த்தவை அல்ல. 2022 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் விற்பனைக் கூட்டாளிகள் வழியாக நடக்கும் வணிகத்தை ஒரு புதிய முறைக்கு மாற்றத் தொடங்கியது. அதன்படி ஒரு மாத ஒப்பந்தம், ஓராண்டு ஒப்பந்தம், சில திட்டங்களுக்கு மூன்றாண்டு ஒப்பந்தம் என்று பிரித்தார்கள். மாத ஒப்பந்தத்தின் விலை ஆண்டு ஒப்பந்தத்தைவிட 20 சதவீதம் அதிகம். ஆண்டு ஒப்பந்தம் தொடங்கிய அல்லது புதுப்பித்த 7 நாட்களுக்குள் எண்ணிக்கையைக் குறைக்கலாம், ரத்தும் செய்யலாம். அதன் பிறகு ஆண்டு முடியும்வரை குறைக்க வழியில்லை. கூட்டுவதற்கு மட்டும் எந்த நாளிலும் தடையில்லை. 2025 ஏப்ரல் 1 முதல் ஆண்டு ஒப்பந்தத்தை மாதத் தவணையில் கட்டுவோருக்கு 5 சதவீதம் கூட்டினார்கள். 2025 டிசம்பரில் அடுத்த விலை உயர்வை அறிவித்தார்கள்: 2026 ஜூலை 1 முதல், சிறு நிறுவனங்களுக்கான மூன்று திட்டங்களில் பிசினஸ் பேசிக் 6 டாலரிலிருந்து 7 டாலர், பிசினஸ் ஸ்டாண்டர்ட் 12.50 டாலரிலிருந்து 14 டாலர், பிசினஸ் பிரீமியம் அதே 22 டாலர். இவை ஓர் ஆளுக்கு ஒரு மாதத்துக்கான அமெரிக்கப் பட்டியல் விலைகள். ரூபாய் விலையை டாலரோடு பொருத்தி ஆண்டுக்கு இருமுறை சரிபார்ப்போம் என்று 2023இலேயே சொல்லிவிட்டார்கள் என்பதால், நம் ஊர் விலை இதே விகிதத்தில்தான் நகரும் என்று எண்ண வேண்டாம். எழுத்தில் விலை கேட்டு வாங்குங்கள்.

பெரும்பாலான நிறுவனங்கள் குழம்புவது ஓரிடத்தில்தான். ஒப்பந்தக் காலம் வேறு, பணம் கட்டும் முறை வேறு. வீட்டை 11 மாத ஒப்பந்தத்துக்கு எடுத்து வாடகையை மாதாமாதம் கொடுப்பதில்லையா, அதைப் போன்றதே இது. பில் மாதாமாதம் வருகிறது என்பதால் மாதாமாதம் விலகலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். நீங்களும் "மாதச் சந்தா" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் இப்போது இருப்பது உண்மையான மாத ஒப்பந்தமா, மாதத் தவணையில் கட்டும் ஆண்டு ஒப்பந்தமா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கடந்த ஓராண்டில் எப்போதாவது எண்ணிக்கையைக் குறைத்து, அடுத்த மாதமே பில் குறைந்ததா என்று பாருங்கள். குறைந்திருந்தால் அது மாத ஒப்பந்தமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நீங்கள் ஏற்கெனவே 20 சதவீதம் கூடுதலாகக் கட்டிவருகிறீர்கள் என்றும் பொருள்.

இப்போது கணக்கு. ஒரு லைசென்ஸின் அடிப்படை விலை மாதம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் 1,200. ஆண்டு ஒப்பந்தத்தை மாதத் தவணையில் கட்டினால் 1,260. மாத ஒப்பந்தமாக 12 மாதமும் ஓட்டினால் 1,440. ஆக, ஒருவர் 10 மாதத்துக்குக் குறைவாகவே தேவைப்படுவார் என்றால் அவருக்கு மாத ஒப்பந்தமே மலிவு. 10 மாதம் என்றால் மொத்தக் கட்டணத்துக்குச் சமம். அதற்கு மேல் ஆண்டு ஒப்பந்தம் மலிவு. சரி, மொத்தமாகக் கட்டுவதா, தவணையா? அந்தக் கூடுதல் 60 ரூபாயை வட்டியாகப் பாருங்கள். முதல் தவணை போக மீதியை 11 மாதங்களில் கட்டுகிறீர்கள். அதை ஆண்டு வட்டியாக மாற்றினால் ஏறக்குறைய 11 சதவீதம் வரும். உங்கள் வங்கி ஓவர்டிராஃப்ட் வட்டி அதைவிடக் குறைவு என்றால் மொத்தமாகக் கட்டுவது லாபம். அதைவிட அதிகம் என்றால், அல்லது வரவுக்காகக் காத்திருக்கும் காலம் என்றால், தவணையை நஷ்டம் என்று சொல்ல மாட்டேன். "5 சதவீதம் அதிகம் கேட்கிறார்கள்" என்ற கோபத்தில் நடப்பு மூலதனத்தை எடுத்து ஒரே நாளில் கட்டிவிட்டு, பிறகு இரும்பு வாங்கப் பணமில்லாமல் நிற்கக் கூடாது.

விலையைவிடத் தேதியே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. விலை உயர்வினால் போகும் பணத்தைவிட, புதுப்பிப்பு நாளைக் கவனிக்காமல் விட்டதால் போகும் பணமே அதிகம் என்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். இந்தச் சந்தாக்கள் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படியே அமைந்திருக்கும். 45 லைசென்ஸில் 8 யாரும் தொடாமல் கிடந்தாலும், அந்த நாள் கடந்து ஒரு வாரம் போய்விட்டால் இன்னும் ஓராண்டுக்கு 45க்கும் நீங்கள்தான் பொறுப்பு. மைக்ரோசாஃப்ட் 365ஐ நிர்வகிக்கும் அட்மின் சென்டர் தளத்தில் பில்லிங் பகுதியில் ஒவ்வொரு சந்தாவும் முடியும் தேதி இருக்கும். சில சமயம் ஒரே நிறுவனத்துக்கு மூன்று நான்கு வெவ்வேறு தேதிகள் இருக்கும்; இடையில் ஆள் சேர்ந்தபோது விற்பனையாளர் தனிச் சந்தாவாக வாங்கியிருப்பார். எல்லாவற்றையும் ஒரே தேதியில் முடியும்படி சேர்த்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். 60 நாட்களுக்கு முன் ஒன்று, 30 நாட்களுக்கு முன் ஒன்று என்று நாட்காட்டியில் நினைவூட்டல் வையுங்கள். அது ஐடி ஊழியரின் நாட்காட்டியில் மட்டும் இருந்தால் போதாது. கணக்குப் பிரிவிலும் இருக்க வேண்டும். ஐடி ஊழியர் வேலையை விட்டுப் போகும் ஆண்டில்தான் இது தவறிப்போகும். புதுப்பிக்கும் நாளில் எத்தனை லைசென்ஸ் வேண்டும் என்பதை விற்பனையாளர் முன்கூட்டியே பதிவு செய்துவைக்கும் வசதி உண்டு. அதைச் செய்துவிட்டு, பதிவானதற்கான மின்னஞ்சலை அனுப்பச் சொல்லுங்கள். தொலைபேசியில் "பார்த்துக்கொள்கிறேன் சார்" என்று சொல்வதை நம்ப வேண்டாம். அவர் நல்லவராகவே இருந்தாலும் அவரிடம் உங்களைப் போல் நூறு வாடிக்கையாளர்கள் இருப்பார்கள்.

அந்த 60 நாட்களில் செய்ய வேண்டிய வேலை ஆள் கணக்கு. பட்டியலை இறக்கி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் உண்மையில் எதைப் பயன்படுத்துகிறார் என்று எழுதுங்கள். உங்கள் தொழிலில் நான் எதிர்பார்ப்பது இது: வேலையை விட்டுப் போனவர்களின் மெயில் பெட்டிகள் பழைய கடிதங்களுக்காக லைசென்ஸோடு வைக்கப்பட்டிருக்கும். அவற்றைப் பகிர்வு மெயில் பெட்டியாக, அதாவது பலர் சேர்ந்து பார்க்கும் பெட்டியாக, மாற்றிவிடலாம். 50 ஜிபி வரை அதற்கு லைசென்ஸ் தேவையில்லை. 'சேல்ஸ்', 'பர்ச்சேஸ்', 'அக்கவுன்ட்ஸ்' என்ற பொது முகவரிகளுக்கும் தனி லைசென்ஸ் வாங்கியிருப்பார்கள். அவற்றையும் அப்படியே மாற்றலாம். அடுத்து, கணினியில் எக்செல், வேர்ட் நிறுவி வேலை செய்பவர்கள் யார், மெயில் மட்டும் பார்ப்பவர்கள் யார் என்று பிரியுங்கள். பேசிக்கில் கணினியில் நிறுவும் செயலிகள் கிடையாது. இணையத்திலும் போனிலும் மட்டும்தான் கிடைக்கும். ஸ்டாண்டர்டில் ஓர் ஆள் ஐந்து கணினிகளில் நிறுவிக்கொள்ளலாம். பழைய விலையில் இரண்டுக்கும் வித்தியாசம் ஆறரை டாலர், புது விலையில் ஏழு டாலர். மேற்பார்வையாளர்கள், ஸ்டோர்ஸ், அனுப்புகை என்று பத்துப் பேரை ஸ்டாண்டர்டிலிருந்து பேசிக்குக் கொண்டுவந்தாலே விலை உயர்வின் பெரும்பகுதி சரியாகிவிடும். ஒன்றை மறவாதீர்கள்: ஆண்டின் நடுவில் பேசிக்கிலிருந்து ஸ்டாண்டர்டுக்கு ஏற முடியும், ஸ்டாண்டர்டிலிருந்து பேசிக்குக்கு இறங்க முடியாது. ஆகவே சந்தேகமுள்ள ஆளைக் கீழே வைத்துத் தொடங்குங்கள்.

ஸ்டோர்ஸ் அறையில் ஒரே கணினியில் எக்செல் மட்டும் வேண்டும் என்றால் ஒருமுறை பணம் கட்டி வாங்கும் ஆஃபிஸ் 2024 இன்னும் விற்பனையில் இருக்கிறது. அதற்கான ஆதரவு 2029 அக்டோபர் வரை. புதிய பதிப்புக்கு மாறும் உரிமை அதில் கிடையாது. ஆஃபிஸ் 2016, 2019 இரண்டுக்கும் ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. பழைய பெட்டி இன்னும் ஓடுகிறதே என்று அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் நின்ற மென்பொருளில் வாடிக்கையாளர் அனுப்பும் கோப்புகளைத் திறப்பது ஆபத்து.

ஆள் கணக்கு முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரே ஒப்பந்தத்தில் போட வேண்டியதில்லை. கண்டிப்பாக ஓராண்டு இருப்பார்கள் என்று தெரிந்தவர்களை ஆண்டு ஒப்பந்தத்தில் வையுங்கள். பயிற்சியாளர்கள், தற்காலிக ஊழியர்கள், பருவ காலத்தில் கூடும் ஆட்கள் ஆகியோரை மாத ஒப்பந்தத்தில் வையுங்கள். ஒரே திட்டத்துக்கு இரண்டு சந்தாக்கள் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. ஆள் வரத்துப்போக்கு அதிகமுள்ள நிறுவனத்துக்கு 20 சதவீதம் கூடுதல் என்பது தண்டனையன்று. விலகும் உரிமைக்கான விலை. எத்தனை பேருக்கு அந்த உரிமை வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் உங்கள் வேலை. ஆண்டு ஒப்பந்தத்தில் இருக்கும்வரை விலை மாறாது. நடுவில் கூட்டும் லைசென்ஸுக்கும் அதே விலைதான். உங்கள் புதுப்பிப்பு 2026 ஜூலை 1க்கு முன் வந்தால் பழைய விலை இன்னும் ஓராண்டுக்கு நிற்கும். ஆனால் மலிவாக இருக்கிறதே என்று தேவைக்கு மேல் 10 லைசென்ஸ் முன்கூட்டி வாங்கி வைப்பது வீண். பயன்படாத லைசென்ஸ் எந்த விலைக்கும் நஷ்டமே.

விற்பனையாளர் ஏமாற்றுகிறாரா என்று கேட்டீர்கள். விதியில் ஏமாற்றவில்லை. ஆனால் கவனிக்க வேண்டிய ஓர் ஆபத்து இருக்கிறது. இந்த முறையில் நீங்கள் பணம் கட்டுவது விற்பனையாளருக்கு. மைக்ரோசாஃப்ட்டுக்குக் கட்டுவது அவர். நீங்கள் ஆண்டுப் பணத்தை மொத்தமாகக் கொடுத்துவிட, அவர் உள்ளே மாதத் தவணையில் வாங்கியிருந்தால், நடுவில் அவர் தொழிலை மூடினால் மீதி மாதங்களுக்கு நீங்கள் தவிக்க வேண்டியிருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்துக்கு இது நடந்தது. மெயில் நிற்கும் நிலைவரை போய், வேறு விற்பனையாளரிடம் மீண்டும் பணம் கட்டித்தான் மீண்டார்கள். மொத்தமாகக் கட்டுவது என்றால், சந்தா எந்த ஒப்பந்தக் காலத்தில், எந்தக் கட்டண முறையில் வாங்கப்பட்டது என்பதை விற்பனையாளர் திரையிலிருந்தே எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நேர்மையானவர் தயங்க மாட்டார். அதைவிட அவசரமானது, எல்லா அதிகாரமும் உள்ள குளோபல் அட்மின் கணக்கு உங்கள் கையில் இருக்க வேண்டும் என்பது. அந்தக் கணக்கு விற்பனையாளரிடம் மட்டும், நிறுவனத்தின் இணைய முகவரியான டொமைனின் பதிவும் அவர் பெயரில் என்று இருக்கும் நிறுவனங்கள் நம் பக்கத்தில் ஏராளம். அப்படியிருந்தால் உங்களுக்குப் பேரம் பேசும் இடமே இல்லை. இந்த வாரமே மாற்றுங்கள். புதுப்பிப்பு வரை காத்திருக்க வேண்டாம்.

பில் பற்றி. இந்திய விற்பனையாளரிடம் வாங்கினால் 18 சதவீத ஜிஎஸ்டியுடன் பில் வரும்; உங்கள் ஜிஎஸ்டி எண் சரியாக இருந்து, அவர் கணக்குத் தாக்கல் செய்து, வாங்கியவற்றைக் காட்டும் உங்கள் ஜிஎஸ்டி 2பி படிவத்தில் வந்தால், கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரவு கிடைக்கும். ஆண்டு முழுவதற்கும் ஒரே பில் என்றால் ஜிஎஸ்டியும் ஒரே நாளில் போகும் என்பதைப் பணப்புழக்கக் கணக்கில் சேருங்கள். வெளிநாட்டு நிறுவனத்திடம் நேரடியாக வாங்கும் மென்பொருள்களுக்கு எதிர்முறை வரி: அந்த 18 சதவீதத்தை நீங்களே ஜிஎஸ்டி தளத்தின் ரொக்கப் பேரேட்டிலிருந்து கட்டி, பிறகு வரவு எடுக்க வேண்டும். வடிவமைப்புப் பிரிவில் யாரோ முதலாளியின் கார்டில் வாங்கிய சிறு சந்தாக்கள்தான் பெரும்பாலும் இதில் தவறிப்போகும்.

கார்டு என்றதும் இன்னொன்று. ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2021 அக்டோபர் 1 முதல் தானாகக் கழியும் கார்டு கட்டணங்களுக்கு முன் ஒப்புதல் பதிவும், குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பும் வேண்டும். ஓடிபி இல்லாமல் கழியும் வரம்பு முதலில் 5,000 ரூபாய், 2022 ஜூனில் 15,000 ஆனது. அதற்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்கும். விலை உயர்ந்து பில் 14,500இலிருந்து 15,600 ஆகும் மாதத்தில், ஓடிபி வரும் போன் யாரோ ஒருவரின் பையில் இருக்க, சந்தா தடைப்படும். இப்படித் தடைப்பட்டதை நேரில் பார்த்திருக்கிறேன். மாதாந்தரக் கட்டணம் 15,000ஐ நெருங்கும் எதையும் கார்டிலிருந்து எடுத்து வங்கிப் பரிமாற்றத்துக்கு மாற்றிவிடுங்கள்.

வருமான வரிப் பிடித்தம் பற்றிச் சுருக்கமாக: வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கொடுக்கும் மென்பொருள் விலை இரட்டை வரி ஒப்பந்தங்களின்படி ராயல்டி, அதாவது உரிமைத் தொகை, ஆகாது, ஆகவே அதில் வரி பிடிக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2021 மார்ச் 2இல் தீர்ப்பளித்தது. அது உங்கள் ஒவ்வொரு சந்தாவுக்கும் எப்படிப் பொருந்தும் என்பது ஆடிட்டர் முடிவு செய்ய வேண்டியது. நான் சொல்லக் கூடாது. ஒருமுறை வாங்கிய மென்பொருளைச் சொத்தாகக் காட்டி 40 சதவீதத் தேய்மானம் எடுத்த பழக்கம் சந்தாவுக்குச் செல்லாது, அது அந்தந்த ஆண்டின் செலவு என்பதையும் அவரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

மைக்ரோசாஃப்ட்டோடு நிறுத்திவிடாதீர்கள். உங்களிடம் வரைபட மென்பொருள் கண்டிப்பாக இருக்கும். ஆட்டோகேட் நிறுவனமான ஆட்டோடெஸ்க் 2016இல் நிரந்தர லைசென்ஸ் விற்பனையை நிறுத்தியது. 2020இல் பலர் பகிர்ந்துகொள்ளும் நெட்வொர்க் லைசென்ஸை விலக்கி, பெயர் குறித்த ஆளுக்கு ஒன்று என்ற முறைக்கு மாறத் தொடங்கியது. இரண்டு ஷிஃப்டில் ஒரே கணினியில் இருவர் வேலை செய்தால், முன்பு ஒன்று போதும்; ஆள் கணக்கில் இரண்டு வேண்டும். ஒரே லாகினை இருவர் பகிர்வது விதிமீறல். தணிக்கையில் பிடிபட்டால் செலவு பல மடங்கு. ஃபோட்டோஷாப் நிறுவனமான அடோபியில் மாதத் தவணையில் கட்டும் ஆண்டுத் திட்டத்தை 14 நாட்களுக்குப் பின் ரத்து செய்தால் மீதிக் காலத்தின் கட்டணத்தில் பாதியைக் கேட்கும் விதி உண்டு. அதை வாடிக்கையாளர்களிடம் மறைத்ததாக, அமெரிக்க வணிக ஆணையத்தின் பரிந்துரையில் அந்நாட்டு நீதித் துறை 2024 ஜூனில் வழக்கே தொடர்ந்தது. பிராட்காம் நிறுவனம், ஒரு கணினியைப் பலவாகப் பிரித்து இயக்கும் மென்பொருளைத் தயாரிக்கும் விஎம்வேரை 2023 நவம்பரில் வாங்கிய அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனையை நிறுத்தியது. ஆளைக் கணக்கிடுகிறார்களா, இயந்திரத்தையா, கணினிச் சில்லின் உட்பகுதியான பிராசசர் கோரையா என்ற அளவுகோல் மாறும்போதுதான் பில் எகிறும். விலைப்பட்டியலை மட்டும் பார்த்தால் அது கண்ணில் படாது. கணக்கு மென்பொருளான டாலி வேறு வகை: டாலி பிரைமின் நிரந்தர லைசென்ஸுக்கு டிஎஸ்எஸ் என்னும் புதுப்பிப்புச் சந்தா முடிந்தாலும் மென்பொருள் ஓடும், புதுப்பிப்புகளும் இணையச் சேவைகளும் நிற்கும்.

"வேறு நிறுவனத்துக்கே மாறிவிடலாமா" என்றும் கேட்டிருந்தீர்கள். மாறலாம், சோஹோ போன்ற நல்ல மாற்றுகள் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. ஆனால் அவையும் சந்தாதான், அவற்றின் விதிகளும் மாறும். மெயில் மாற்றம் என்பது பழைய கடிதங்கள், போன்கள், எக்செல் மேக்ரோக்கள் எல்லாம் சேர்ந்த வேலை. புதுப்பிப்புக்கு இரண்டு மாதம்கூட இல்லாத நிலையில் கோபத்தில் தொடங்கினால் இரண்டுக்கும் பணம் கட்டுவீர்கள். இந்த ஆண்டு சிறியதாக, சரியான எண்ணிக்கையில் புதுப்பியுங்கள். மாற்றம் வேண்டுமென்றால் அடுத்த எட்டு மாதங்களில் ஐந்து பேரை வைத்துச் சோதித்துப் பாருங்கள்.

உங்கள் விற்பனையாளரோடு நீங்கள் தனியாகக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை நான் பார்க்கவில்லை. அதில் அவர் வைத்த விதிகள் மைக்ரோசாஃப்ட் விதிகளைவிடக் கடுமையாகவும் இருக்கலாம், இளக்கமாகவும் இருக்கலாம். ஆகவே அவருக்கு இன்றே ஒரு பதில் எழுதுங்கள்: இப்போதுள்ள ஒவ்வொரு சந்தாவின் திட்டம், எண்ணிக்கை, ஒப்பந்தக் காலம், கட்டண முறை, முடியும் தேதி, மொத்தக் கட்டணம், மாதத் தவணை, மாத ஒப்பந்தம் மூன்றுக்கும் ரூபாய் விலை ஜிஎஸ்டி தனியாக, எண்ணிக்கையைக் குறைக்க அவருக்கு எத்தனை நாள் முன் சொல்ல வேண்டும், சந்தா முடிந்து புதுப்பிக்காவிட்டால் மெயிலும் கோப்புகளும் எந்த நாளில் நிற்கும், எந்த நாளில் அழியும். கடைசிக் கேள்விக்கான பதில் வாங்கிய வழியைப் பொறுத்து மாறும் என்பதால் சலுகை நாட்களை நம்பி இருக்காதீர்கள். அவருடைய பதில் வந்ததும் விலைகளை மறைத்துவிட்டு இங்கே போடுங்கள். உங்கள் 45 பேரை எப்படிப் பிரிக்கலாம் என்று சேர்ந்து பார்க்கலாம்.